நாலாம் பக்கத்தின் கையிருப்பு

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். வாசல் விளக்கை அணைத்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் தேய்த்தான். பால் பொங்குவதற்குள் வந்து அடுப்பை நிறுத்தினான். காப்பி கலந்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு முகச்சவரம் செய்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், அப்புறம் கை, முன்பக்கம், பின்பக்கம். காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஆறே முக்காலுக்குக் கதவுக்கடியில் பேப்பர் வந்து விழுந்தது. எடுத்து, பிரிக்காமல் மேஜைமேல் வைத்தான்.

அன்று சனிக்கிழமை. அவன் மனைவி இறந்து பத்தொன்பது நாள்.

சனிக்கிழமை என்றால் அந்த ஊரில் பேப்பரை நாலாம் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்கள். நாலாம் பக்கத்து வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை 'தெருமுனை' இருக்கும். எட்டு வருஷமாக அவள் எழுதியது. மருந்துக்கடைக் கடிகாரம் ஏன் எப்போதும் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று எழுதுவாள். பள்ளிக்கூட வாசலில் திறந்து கிடக்கும் சாக்கடையைப் பற்றி, அதற்கே கடிதம் எழுதுவதுபோல எழுதுவாள். 'அன்புள்ள சாக்கடைக்கு, மூடி வருமென்று நீயும் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறாய்.' அந்த வாரம் நகராட்சி உறுப்பினர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். சாட்சிக்குக் கட்டுரையை அவரே சத்தமாகப் படிக்கப்போய், பாதியில் சிரித்துவிட்டார். மூடி போட்டுவிட்டார்கள்.

முதல் சனிக்கிழமை அவள் படத்தைப் போட்டு, கீழே கட்டுரையையும் போட்டிருந்தார்கள். இரண்டாம் சனிக்கிழமையும் கட்டுரை வந்தது. அவன் ஆச்சரியப்படவில்லை. பத்திரிகையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வாரந்தோறும் எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு கட்டுரைகளை ஆசிரியரின் மேஜை இழுப்பறையில் கொடுத்து வைக்க வேண்டும். கையிருப்பு என்று அதற்குப் பெயர். காய்ச்சலில் படுத்தாலோ, வெளியூர் போனாலோ, பக்கம் காலியாகப் போகாமல் இருக்க. எந்த வாரமும் போடத் தோதாக இருக்க வேண்டுமென்பதால் அதில் மழை கூடாது, வெயில் கூடாது, விலைவாசி கூடாது.

"மழையும் கூடாது, வெயிலும் கூடாதுன்னா, நான் என்ன பிரிட்ஜுக்குள்ள உட்கார்ந்தா எழுதுறது?" என்று அவள் வீட்டில் வந்து பொரிந்து தள்ளுவாள்.

இரண்டுதான். மூன்றாவதை ஆசிரியர் வாங்கமாட்டார். 'மூணு இருந்தா எழுதுறவங்களுக்குத் திமிர் வந்துடும்' என்பது அவர் கட்சி. தலைகீழாக நின்றாலும் வாங்கமாட்டார்.

பேப்பரைப் பிரித்தான். நாலாம் பக்கம். வலது ஓரம். வங்கியில் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கும் பேனாவைப் பற்றி. மழை இல்லை, வெயில் இல்லை. மூன்றாவது கட்டுரை.

அதற்கடியில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. 'அடுத்த சனிக்கிழமை தெருமுனையின் இறுதிக் கட்டுரை. தன் நோயைப் பற்றியும் கணவரைப் பற்றியும் எழுதி வாசகர்களிடம் விடைபெறுகிறார். பிரதிகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.'

அவன் எண்ணிக்கைக்காரன். எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்ப் படிக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்துவதும், குறைந்த எடைக்குப் பொருள் விற்றால் அபராதம் போடுவதும் அவன் வேலை. எண்ணிப் பார்த்தான். வந்தது மூன்று. வரப்போவது நாலு. விடைபெற்று எழுத வேண்டுமென்றால், போகப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய நோய் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் தெரியும். அதற்கப்புறம் இருந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அவளால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. பேனாவை எங்கே பிடித்தாள்?

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பாதி தூக்கியபடியே கூப்பிட்டார்.

"தராசு சார்! அடுத்த வாரத்துக்கு அஞ்சு பேப்பர் சொல்லி வெச்சுட்டேன். என் கடிகாரத்தை இந்த ஊர்ல சந்தி சிரிக்க வெச்ச மகராசி. கடைசியா என்ன சொல்றாங்கன்னு பார்க்கணும்."

"ம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். உங்களுக்குக் காட்டாம எழுதியிருப்பாங்களா?"

"ம்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

தராசு என்று அவனுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே.

பத்தொன்பது வயதில் அவள் அந்தப் பத்திரிகையில் சேர்ந்தபோது வேலை கீழ்த்தளத்து ஜன்னலில். சிறு விளம்பரம் வாங்கும் வேலை. வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஜனங்கள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவார்கள். அவள் வெட்டிச் சுருக்கிக் கொடுப்பாள். கண்ணாடியைத் தொலைத்த ஒருவருக்கு அவள் எழுதிக்கொடுத்தது இப்படி வந்தது: 'காணவில்லை, மூக்குக்கண்ணாடி. கண்டவர் கொண்டுவந்து தரவும். அது இல்லாமல் நான் அதைத் தேட முடியவில்லை.' ஆசிரியர் மாடியில் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். யார் இதை எழுதியது என்று கேட்டு மேலே கூப்பிட்டு, நாலாம் பக்கத்தின் வலது ஓரத்தைக் கொடுத்தார். இரண்டு வருஷம் அவள் மேலேயும் எழுதினாள், கீழே ஜன்னலிலும் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவன் ஜன்னலுக்கு வந்தான். அபராதம் போட்ட கடைகளின் பட்டியல், பதினாலு வரி. அவள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவால் வெட்ட ஆரம்பித்தாள்.

"இது அரசாங்க அறிவிப்பு. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது."

"இதுல ஏழு 'மேற்படி' இருக்கு சார்."

"இருக்கட்டும்."

"உங்களுக்கு எத்தனை மேற்படி வேணும்னு சொல்லுங்க. எடை போட்டுத் தர்றேன்."

அந்த வாரம் தெருமுனையில் 'தராசு' என்று ஒரு மனிதர் வந்தார். சிரிக்கும்போதுகூட இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சிரிப்பவர். ஊருக்குப் பிடித்துப்போயிற்று. எட்டு மாசத்தில் கல்யாணம். அதற்கப்புறம் மாதத்தில் ஒரு தடவையாவது தராசு வருவார். தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட, "தராசு சார், போன வாரம் குக்கர் மூடியோட மல்லுக்கட்டினீங்களாமே?" என்பார்கள். அவன் நடையைக் கூட்டுவான்.

அவர்களுக்குள் ஒரே ஓர் ஒப்பந்தம். அவனைப் பற்றி எழுதினால், கொடுப்பதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் துணி துவைக்கும்போது குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து படிப்பாள். அவன் "சரி" என்பான். எப்போதாவது, "அந்த வரி வேண்டாம்" என்பான். எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் அடித்துவிடுவாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், ஆனால் அடித்துவிடுவாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒப்பந்தம் மீறியதில்லை. அவனுக்குத் தெரிந்து.

பத்திரிகை அலுவலகம் மாடியில். படிக்கட்டின் ஒரு பக்கம் பழைய பேப்பர்க் கட்டுகள், ஆள் ஏற ஒற்றை ஆளுக்கான இடம். மேலே நாலு மேஜை. ஜன்னலோரத்து மேஜையில் பிழை திருத்தும் அம்மா. அச்சுக்குப் போகிற ஒவ்வொரு வரியும் அவள் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுத்துக்குக் கொம்பு போட மறந்தவர்களுக்கெல்லாம் கொம்பு போட்டுப் போட்டு அவளுக்குக் கொம்பக்கா என்று பெயர் நின்றுவிட்டது. அவன் உள்ளே வந்ததைப் பார்த்ததும் கொம்பக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"வாங்க தம்பி, வாங்க. நானே வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்" என்று ஆசிரியர் எழுந்தார். அறுபது வயது. நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.

"கையிருப்பு ரெண்டுதானே சார்?"

"என்னது?"

"இன்னிக்கு வந்தது மூணாவது. அடுத்த வாரம் நாலாவது."

ஆசிரியர் உட்கார்ந்தார். "அவளுக்காக மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். அந்த நிலைமையில வந்து கேட்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"எந்த நிலைமையில?"

"என்ன தம்பி, உங்களுக்குத் தெரியாததா? ஏழு மாசமா..."

"எனக்குக் கடைசி ஒன்பது நாள்தான் தெரியும்."

ஆசிரியர் இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். திகைத்துப்போய்க் கொம்பக்காவைப் பார்த்தார். கொம்பக்கா திகைக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்துல கோளாறுன்னு டாக்டர் சொன்ன மறுநாளே என்கிட்ட வந்து சொன்னா தம்பி. இதே நாற்காலி. 'அவர்கிட்ட சொல்லிட்டேன். ஆனா அவர் முன்னாடி யாரும் இதைப் பத்திப் பேசக் கூடாது, தாங்கமாட்டார்'னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நாங்க வாயைத் தைச்சுக்கிட்டோம். பத்திரிகையோட ஆண்டு விழாவுல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கு மேல எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

ஞாபகம் இருந்தது. கிழவருக்கு வயதாகிவிட்டது, பிடிப்புக்குக் கை தேடுகிறார் என்று நினைத்திருந்தான்.

அவனிடம் அவள் சொன்னது, ரத்தம் கம்மியாக இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று. மாத்திரையை எதிரில் உட்கார்ந்துதான் விழுங்குவாள்.

"புதன்கிழமை?" என்றான்.

ஆசிரியர் கொம்பக்காவின் மேஜைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஏழு மாசமாகப் புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து அவளை இந்த வாசலில் இறக்கிவிடுவான். அச்சுக்கு முன் பக்கம் பார்க்க வேண்டும் என்பாள். ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவான். திரும்பும்போது அவன் முதுகில் சாய்ந்து தூங்குவாள். எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்றதால் சொட்டு மருந்து வாங்கிக்கொடுத்தான். புதன்கிழமை தவறாமல் போட்டுக்கொண்டாள். அவன்தான் இமையைப் பிடித்துக்கொள்வான்.

கொம்பக்காதான் சொன்னாள். "பக்கம் பார்க்குறது வெள்ளிக்கிழமை தம்பி. புதன்கிழமை ஆஸ்பத்திரி. பின்வாசல்ல வண்டி நிக்கும். நான் கூடப் போவேன்."

"நான் இறக்கிவிட்டதும்?"

"நீங்க வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போற வரைக்கும் படிக்கட்டுல நிப்போம். ஆஸ்பத்திரி வண்டியைப் பார்த்தா நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொன்னா."

அவன் அந்தப் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான். ஒற்றை ஆளுக்கான இடம். ஒருத்தி ஒரு படி மேலேயும் ஒருத்தி ஒரு படி கீழேயும் நின்றிருக்க வேண்டும். அவன் ஸ்கூட்டர் சத்தம் தேய்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. ஊரிலுள்ள எல்லார் வீட்டுக் கதையையும் தெருமுனைக்குக் கொண்டுவந்தவள். சொந்த வீட்டில் காதும் காதும் வைத்த மாதிரி ஏழு மாசம்.

"அந்தக் கட்டுரையைக் குடுங்க."

ஆசிரியர் இழுப்பறையிலிருந்து எடுத்தார். அச்சுக்கோத்துப் படியெடுத்த நீளத்தாள். நின்றபடியே படித்தான். முதல் பாரா வாசகர்களுக்கு வணக்கம். இரண்டாவது டாக்டர் சொன்னது. மூன்றாவது:

'சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் போர்வை மடிக்கும்போது தராசிடம் சொல்லிவிட்டேன். இரண்டு முனையையும் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். ஊர் எடையெல்லாம் சரி பார்த்தேன், நம் வீட்டில் குறைவதைப் பார்க்காமல் விட்டேனே என்றார். போர்வை தரையில் கிடந்தது. இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினோம். எல்லாவற்றையும் பேசினோம்.'

ஒரு வார்த்தைகூட நடக்கவில்லை. இவ்வளவு அழகாக அவனுக்குப் பேசவும் வராது. போர்வை மடித்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை என்பதும் உண்மை. இரண்டாவது மடிப்பில் அவள் நின்றாள். "என்னங்க" என்றாள். "என்ன?" என்றான். "ஒண்ணுமில்ல. முனை மாறிப்போச்சு, இந்தப் பக்கம் வாங்க." அவ்வளவுதான். மடித்தார்கள். கீழே இறங்கினார்கள்.

"இதைப் போடக் கூடாது."

"தம்பி, அவசரப்படாதீங்க. விளம்பரம் குடுத்தாச்சு. ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு. உங்களை ரொம்ப நல்லாத்தானே எழுதியிருக்கா."

"என்னை எழுதலை. வேற யாரையோ எழுதியிருக்கா."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பக்கம் என் கையில இருக்கு. அதுக்குள்ள யோசிச்சு வந்து சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா போடலை. போதுமா?"

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் தேடினான். அவள் கைப்பைகள், பழைய டைரிகள், சமையலறை டப்பாக்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை. எல்லாம் கொம்பக்காவின் மேஜையில் இருந்திருக்கும். அவ்வளவு சுத்தமான வேலை. கடையில் இப்படி ஒரு வேலையைப் பார்த்திருந்தால் அவனே மெச்சியிருப்பான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனான். ஒரு மளிகைக்கடையில் ஒரு கிலோக் கல்லை எடுத்தான். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தான். அடியில் துளை போட்டு, ஈயத்தை எடுத்துவிட்டு, மேலே மெழுகு பூசிக் கறுப்படித்திருந்தார்கள்.

"தராசு சார் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்று கடைக்காரர் பல்லிளித்தார். "ஆறு மாசமா ஓடுது சார், மறைக்கலை. பையன் பண்ணின வேலை. இந்தத் தடவை மன்னிச்சு விட்டுடுங்க."

அவன் கல்லைத் தன் பையில் போட்டான். அபராதச் சீட்டில் ஆறு மாசம் என்பதற்கு ஏழு மாசம் என்று எழுதி, அடித்துத் திருத்தினான். கடைக்காரர் பயந்துவிட்டார். "சார், உட்காருங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்றான்.

செவ்வாயன்று நாலு பேர் அடுத்த சனிக்கிழமையைப் பற்றி விசாரித்தார்கள். புதன்கிழமை இரண்டு மணிக்கு அவன் எங்கும் போகவில்லை. ஸ்கூட்டர் வாசலில் நின்றது. வியாழக்கிழமை வெள்ளைத் தாளை எடுத்து மறுப்பு எழுத உட்கார்ந்தான். 'மேற்படி கட்டுரையில் கூறப்பட்டுள்ள மேற்படி சம்பவம் நடைபெறவில்லை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' படித்துப் பார்த்தான். இதைச் சுருக்கிக் கொடுக்க ஜன்னலில் ஆள் இல்லை. கிழித்துப் போட்டான்.

என்ன வேண்டும் என்று அதற்குள் தெரிந்திருந்தது. ஏழு மாசத்தை எடுத்துக்கொண்டாள். அது போயிற்று. நடக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையை நடந்ததாக ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அது இன்னும் போகவில்லை. அச்சில் வந்துவிட்டால் அதுதான் நடந்தது. அப்புறம் அவன் சொல்வதை யார் நம்புவார்கள்? மருந்துக்கடைக்காரர் நம்பமாட்டார். பத்து வருஷம் போனால் அவனே நம்பிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் படியேறினான். நாலாம் பக்கம் முழுசாக மேஜைமேல் விரித்துக் கிடந்தது. வலது ஓரத்தில் அவள். மேலே சின்னதாகப் படம்.

"போட வேண்டாம் சார்."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "ஊர்ஜனம் என்னைக் கல்லால அடிக்கும்."

"விளம்பரம் குடுத்தது நீங்க."

"சரி, நடக்கலைன்னே வெச்சுக்குவோம். அவ மனசுல நடந்திருக்கு இல்ல? அது பொய்யா?"

"என் மனசுல நடக்கலை. நான் அழுதேன்னு இருக்கு சார். மூணாவது பாரா. நான் இன்னிவரைக்கும் அழலை."

அதைச் சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் தடுமாறினான். யாரிடமும் சொன்னதில்லை. அவள் வீட்டார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது இதற்காகத்தான். கல்லுளிமங்கன் என்று மாமியார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது.

ஜன்னலோரத்தில் நாற்காலி நகர்ந்தது. கொம்பக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"மூணாவது பாராவுக்கு ஒரு திருத்தம் வந்தது" என்றாள்.

"அக்கா, அது முடிஞ்சுபோன விஷயம்" என்றார் ஆசிரியர்.

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியலை."

மேஜை அடியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தாள். போனில் திருத்தம் சொல்கிறவர்கள் அப்புறம் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று வந்து நிற்பதுண்டு. அதற்காக அவள் போனில் யார் என்ன சொன்னாலும் நேரம் போட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைப்பாள். சுருக்கமாட்டாள். இருமினால் 'இருமல்' என்றுகூட எழுதுவாள். இருபது வருஷமாக அந்த நோட்டை வைத்துத்தான் எல்லாச் சண்டையும் தீர்ந்திருக்கிறது.

"யார் சொன்ன திருத்தம்?"

"அவதான் தம்பி. ஆஸ்பத்திரியிலேர்ந்து."

"எப்போ?"

"திங்கக்கிழமை. மத்தியானம் ஒண்ணு பத்து."

அந்தத் திங்கட்கிழமை. ஒரு மணிக்கு அவள் கண்ணைத் திறந்து, "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, கேன்டீன் மூடிடும்" என்றாள். அவன் மாட்டேன் என்றான். "போங்கன்னா" என்றாள். போனான். டோக்கன் வாங்கி வரிசையில் நின்றான். ஒன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். கைக்கடியில் போன் இருந்தது. விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்து மேஜைமேல் வைத்தான். அப்புறம் அவள் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கேன்டீன் மூடிவிடும் என்றாள் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தான். அதையாவது தனக்குச் சொன்னாள் என்று இருந்தான். அதுவும் இல்லை. அவனை அனுப்பிவிட்டு இங்கே பேசியிருக்கிறாள்.

"அன்னிக்கு போனை வெச்ச பிறகுதான் எனக்கே உறைச்சுது, உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு" என்றாள் கொம்பக்கா. "அதுக்கு முன்னாடி சத்தியமா எனக்குத் தெரியாது. உங்ககிட்ட வந்து சொல்லத் தைரியம் வரலை. நானும் படிக்கட்டுல நின்னவதானே."

அவன் ஆசிரியரைப் பார்த்தான். "திருத்தம் வந்தும் ஏன் அப்படியே இருக்கு?"

"தம்பி, அந்த இடம்தான் கட்டுரைக்கே உயிர். அதை எடுத்துட்டா வெறும் எலும்புதான். 'இருக்கட்டும்'னு ஓரத்துல எழுதிட்டேன். அதுக்குத்தானே ஆசிரியர்னு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்? அவ எழுதின நல்ல வரியை அவகிட்டேயிருந்தே நான் காப்பாத்தியிருக்கேன், எட்டு வருஷமா."

"போடுங்க" என்றான் அவன்.

ஆசிரியருக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, நான் அப்பவே..."

"அவ சொன்ன திருத்தத்தோட போடுங்க. வேற ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம். பொய்யெல்லாம் பொய்யாவே இருக்கட்டும்."

"திருத்தம் என்னன்னு நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே."

"என்கிட்ட அவ எதையும் சொல்லலை சார். உங்ககிட்ட சொன்னதையாவது செய்யுங்க."

ஆசிரியர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பக்கத்தைக் கொம்பக்கா பக்கமாகத் தள்ளினார். கொம்பக்கா சிவப்புப் பேனாவால் மூன்றாவது பாராவில் ஒரு கோடு போட்டாள். ஒரே கோடு. 'இருக்கட்டும்' என்பதையும் சேர்த்து அடித்தாள். அப்புறம் நோட்டைப் பிரித்து, தேதியைத் தேடி, அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

குண்டு குண்டான எழுத்து. முதல் வரியில் பக்கம் நாலு, மூணாவது பாரா, நேரம் ஒண்ணு பத்து. அடுத்த வரியில் 'இருமல்' என்று எழுதியிருந்தது. அதற்கடியில்:

"அக்கா, அவர் அழுதார்னு எழுதியிருக்கேன்ல, அதை மட்டும் எடுத்துடுங்க. அவருக்குப் பிடிக்காது. ஐயோ, அவர் வர்ற மாதிரி இருக்கு, வெச்சுடுறேன்."